பதில் சொல்லாமல் மூடிய பெட்டி

என் தம்பி பிறந்த அன்று, தன்னைத் தூக்கிக் காட்டிய டாக்டரையே முறைத்துப் பார்த்தான் என்று எங்கள் அப்பா சொல்வார். அப்பா எதையும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார். ஆனாலும் இதை நான் நம்புகிறேன். விவரம் தெரிந்த நாளிலிருந்து அவன் எதையும் ஒரே தடவையில் நம்பி நான் பார்த்ததில்லை. பாலை முகர்ந்து பார்க்காமல் குடிக்கமாட்டான். கதவைப் பூட்டிவிட்டுப் பாதிப் படி இறங்குவான், திரும்ப ஏறி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பான். பள்ளிக்கூடத்தில் முதல் மார்க் வாங்கியபோது, வாத்தியார் தப்பாகக் கூட்டிவிட்டாரோ என்று விடைத்தாளை வாங்கித் தானே கூட்டினான். அரை மார்க் குறைந்தது. அதையும் போய் அவரிடம் சொல்லிவிட்டு வந்தான், முதல் இடம் பறிபோயிற்று.

துருவித் துருவிக் கேட்பதால் அலுவலகத்தில் அவனுக்குத் 'துருவல்' என்று பெயர். அந்தப் பெயரை வைத்தது யார் என்று கொஞ்ச நாள் துருவிக்கொண்டிருந்தான்.

அவன் வீட்டுக்கு நாலு எட்டு தள்ளி எதிர்வீடு என்னுடையது. ஜன்னல்களுக்குத் திரைச்சீலை தைத்துக் கொடுப்பது என் பிழைப்பு. மெஷினை வாசல் பக்கம் போட்டிருக்கிறேன், அங்கேதான் வெளிச்சம். அவர்கள் வீட்டில் பேசுவது தானாகவே என் காதில் விழும். விழாவிட்டால் மெஷினைக் கொஞ்சம் நிறுத்திக்கொள்வேன். சந்தேகம் எங்கள் குடும்பத்துச் சொத்து, அதில் தம்பிக்குப் பெரிய பங்கு போய்விட்டது, அவ்வளவுதான்.

கடைகளுக்குக் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதித்தரும் கம்பெனியில் அவனுக்கு வேலை. அதில் அவன் பங்கு சின்னப் பெட்டிகள். நீங்களும் பார்த்திருப்பீர்கள். திரையில் ஒரு பெரிய ஜன்னல் திறந்திருக்கும். நடுவில் எதையாவது தேட வேண்டும் என்றால் அதன்மேல் ஒரு சின்னப் பெட்டி வந்து உட்கார்ந்துகொள்ளும். அதற்கு ஒரு பதில் சொல்லி அனுப்பாமல் பின்னால் இருக்கும் ஜன்னலைத் தொட முடியாது. வாசலை மறித்துக்கொண்டு நிற்கும், சின்ன வயதில் என் தம்பி நின்ற மாதிரியே. 'சரி' என்று அமுக்கினால், நாம் தேர்ந்தெடுத்ததைக் கொண்டுபோய்ப் பெரிய ஜன்னலிடம் கொடுத்துவிட்டு மறையும். 'வேண்டாம்' என்று அமுக்கினால் வெறுங்கையோடு போகும்.

அவன் மனைவிக்கு ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் கவுண்டர் வேலை. கல்யாணத்துக்கு முன்பிருந்தே அந்தக் கடைதான். வருகிறவர் மூக்கைப் பார்த்தே எந்த ஃப்ரேம் நழுவும், எது நிற்கும் என்று சொல்லிவிடுவாள். அதிகம் பேசமாட்டாள். மனம் நொந்தால் சண்டை பிடிக்கவும் மாட்டாள், எழுந்து போய்விடுவாள். இப்படி ஒருத்தியை வாய் ஓயாமல் கேள்வி கேட்கிற ஒருவனுக்குக் கட்டிவைத்தோமே என்று சில நாள் எனக்கே பாவமாக இருக்கும். 'என்னை ஏன் பிடிச்சது?' என்று கல்யாணமான புதிதில் கேட்டிருக்கிறான். 'தெரியல, பிடிச்சுது' என்றிருக்கிறாள். அந்தப் பதிலில் ஏதோ இடிக்கிறது என்று என்னிடம் வந்து சொன்னவன் அவன்.

அவள் சொல்லித்தான் அந்தக் கடை முதலாளி என் தம்பி கம்பெனியின் புரோகிராமை வாங்கினார். புதுப் புரோகிராம் வந்த வாரம், தம்பி அவளைச் சாப்பாட்டு மேஜையில் உட்காரவைத்துப் பாடம் நடத்தினான். நானும் அங்கேதான் இருந்தேன்.

"பழைய பவரைத் தேடணும்னா இந்தப் பெட்டியைத் திற. வேணும்னா 'சரி'யை அமுக்கு. சும்மா பாக்கறதுக்குத் திறந்தேன்னா, மூலையில இருக்கு பாரு பெருக்கல் குறி, அதை அமுக்கி மூடிடு."

"இங்க 'வேண்டாம்'னு ஒண்ணு இருக்கே?"

"அதைத் தொடாதே. அந்தப் பட்டனை எழுதினது புதுசா வந்த பொண்ணு. எனக்கு அதுமேல நம்பிக்கை இல்ல. பெருக்கல் குறி நான் பாத்துக்கிட்டது."

அவள் தலையாட்டினாள். ஒன்றைச் சொன்னால் சொன்னபடி செய்கிறவள்.

அதே சமயத்தில் அவளுடைய தம்பி, படித்து முடித்து இரண்டு கடைகளில் வேலை பார்த்தவன், அடுத்த தெருவில் சொந்தமாக ஒரு கண்ணாடிக் கடை திறந்தான். சின்னக் கடைதான். ஒரு ஆள் உள்ளே வந்தால் இன்னொரு ஆள் வெளியே நிற்க வேண்டும். இவள் வேலை பார்க்கிற கடையின் முதலாளி திறப்பு விழாவுக்கு வந்து வாழ்த்திவிட்டுத்தான் போனார். ஆனால் போகும்போது கடைக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்று ஒரு நோட்டம் விட்டதை நான் பார்த்தேன்.

அப்புறம்தான் இவள் வேலை பார்க்கிற கடைக்குக் கண்ணாடிகள் திரும்பி வர ஆரம்பித்தன. முதலில் ஒரு பாட்டு டீச்சர். புதுக் கண்ணாடியைப் போட்டால் தலை சுற்றுகிறது என்று கொண்டுவந்து மேஜையில் வைத்தார். சோதித்தால் அது வேறு யாருடைய பவரோ. அடுத்தது ஒரு கடிகாரம் பழுது பார்க்கிறவர். மூன்றாவது ஒரு வேன் டிரைவர், நல்லவேளை வண்டி ஓட்டும்போது இல்லை, தன் வீட்டுப் படியில் கால் தவறி மணிக்கட்டை முறித்துக்கொண்டார். மூன்று ஆர்டரும் என் தம்பி மனைவியின் கவுண்டரில் பதிவானவை. பெயர் அவரவர் பெயர்தான், பவர் மட்டும் மாறியிருந்தது. பக்கத்துக் கவுண்டரில் ஒரு தப்பும் இல்லை. லென்ஸ் தேய்க்கிறவர், ஆர்டரில் என்ன வந்ததோ அதைத்தான் தேய்த்தேன் என்று கையை விரித்துவிட்டார். கோபித்துக்கொண்டு போன மூன்று பேரும் பக்கத்தில் வேறு கடை எது என்று விசாரித்து, அடுத்த தெருவில் அவள் தம்பியிடமே போய்க் கண்ணாடி போட்டுக்கொண்டார்கள்.

முதலாளி சத்தம் போடுகிற ஆள் இல்லை. அவளைக் கூப்பிட்டு நாற்காலியைக் காட்டினாராம். நாற்காலி கொடுத்தபோதே விஷயம் பெரிது என்று தெரிந்துவிட்டது என்றாள் என்னிடம்.

"ஒரு தடவைன்னா கைத்தவறுதல்னு விட்டுடலாம்மா. மூணு தடவை. மூணு பேரும் உங்க தம்பி கடைக்கே போயிருக்காங்க. நான் என்னன்னு நினைக்கிறது?"

"சார், நான் டாக்டர் சீட்டுல இருந்ததைத்தான் அடிச்சேன்."

"இந்த வாரக் கடைசி வரைக்கும் பாக்கறேன். நீங்களா வாயைத் திறந்து சொல்லிட்டா விஷயம் நமக்குள்ள முடிஞ்சிடும். இல்லேன்னா இந்தத் தொழில்ல யார் கேட்டாலும் நான் உள்ளதைச் சொல்ல வேண்டியிருக்கும்."

வேலை போவது ஒரு பக்கம். கவுண்டரில் உட்கார்ந்து வாடிக்கையாளர் கண்ணைக் கெடுத்துத் தம்பி கடைக்கு ஆள் பிடித்தாள் என்ற பெயர் வந்துவிட்டால் அவள் இனி எந்தக் கடை வாசலையும் மிதிக்க முடியாது. அந்தப் பையன் கடையும் எழுந்திருக்காது. ஊர் அவ்வளவு பெரியதில்லை, கண்ணாடித் தொழில் அதைவிடச் சின்னது.

அன்று சாயங்காலம் அவள் என் தம்பியிடம் எல்லாவற்றையும் சொன்னாள். நான் மெஷினை நிறுத்திவிட்டேன்.

"எனக்கு நல்லா ஞாபகம் இருக்குங்க. டிரைவர் சீட்டைப் பாத்துப் பாத்து அடிச்சேன்."

"நீ அடிச்சதுதானே அங்க நிக்கும்? வேற யாரு வந்து மாத்துவா?"

"அதான் எனக்கும் புரியல."

பிறகு அவன், "உன் தம்பி கடை எப்படி, ஓடுதா?" என்றான்.

"எதுக்குக் கேக்கறீங்க?"

"சும்மாதான்."

என் தம்பியின் வாழ்க்கையில் சும்மா என்று ஒன்று கிடையாது. அது அவளுக்கும் தெரியும்.

"அவனுக்காகப் பண்ணினியா? பண்ணியிருந்தாலும் பரவாயில்ல, எங்கிட்ட மட்டும் சொல்லிடு."

கரண்டியை வைக்கிற சத்தம் கேட்டது. அவள் நடந்து போய்ப் படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொள்வதும் கேட்டது. அடுத்த நிமிஷம் இவன் என் வாசலில் நின்றான். முகத்தில் ரத்தமே இல்லை.

"அக்கா, அவ ஒத்துக்கிட்டா."

"ஒத்துக்கிட்டாளா? என்ன சொன்னா?"

"சொல்லல. எழுந்து போயிட்டா. இல்லைன்னா இல்லைன்னு சொல்லியிருப்பா இல்ல? அப்ப என்ன அர்த்தம்?"

"போனா போயிட்டான்னு அர்த்தம். வேற என்னடா அர்த்தம்?" என்று எரிந்து விழுந்தேன். எனக்கு அவன்மேல் அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. ஆனால் அவன் போன பிறகு ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தேன். அந்தப் பையனை இவள்தான் தூக்கி வளர்த்தாள். கடை திறந்த அன்று, 'இவன் நின்னுட்டா எனக்குப் போதும் அண்ணி' என்று கண் கலங்கினாள். அந்த நேரம் பார்த்து அது ஏன் என் நினைவுக்கு வர வேண்டும்? சந்தேகம் என்பது கொட்டாவி மாதிரி, பக்கத்தில் இருப்பவரைத் தொற்றாமல் விடாது.

மறுநாள் தம்பி விசாரணையில் இறங்கினான். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மச்சானின் கடைக்கு எதிரே ஒரு கம்பத்துக்குப் பின்னால் நின்றானாம். கம்பம் ஒல்லி, இவன் அப்படி இல்லை.

"மாமா, என்ன வெயில்ல நிக்கறீங்க? உள்ள வாங்க" என்று மச்சான் கூப்பிட்டிருக்கிறான்.

"சும்மா இந்தப் பக்கம் வந்தேன்."

உள்ளே கையில் மாவுக்கட்டோடு அந்த வேன் டிரைவர் உட்கார்ந்திருந்தாராம். மச்சான் அவருக்குத் தன் கையாலேயே கண்ணாடியை மாட்டிச் சரிபார்த்துக்கொண்டிருந்தான். சாயங்காலம் என்னிடம் வந்து, "அவன் கூப்பிட்ட விதத்தைப் பாக்கணும் அக்கா. ரொம்ப மரியாதை. அவ்வளவு மரியாதை எதுக்கு?" என்றான்.

"மரியாதை கொடுத்தாலும் குத்தமா?"

அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. லென்ஸ் தேய்க்கிறவர் வேண்டுமென்றே மாற்றியிருக்கலாம் என்றான். பக்கத்துக் கவுண்டர்ப் பெண் இவள் இடத்துக்குக் குறி வைத்திருக்கலாம் என்றான். 'வேண்டாம்' பட்டனை எழுதிய புதுப் பெண்ணின் வேலையை அலுவலகத்தில் இரண்டு நாள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்திருக்கிறான். ஒரு குறையும் இல்லையாம். குறை இல்லாததே அவனுக்கு உறுத்தலாக இருந்தது.

"உன் பெட்டியைப் பாத்தியா?" என்றேன்.

"அது நான் எழுதினது அக்கா."

அதோடு அந்தப் பேச்சு முடிந்துவிட்டது. பாலிலிருந்து பூட்டு வரை சந்தேகப்படுகிறவன் அந்த ஒரு இடத்தில் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு சத்தியம் செய்வான்.

வீட்டில் இரண்டு பேருக்கும் பேச்சு வார்த்தை நின்றுவிட்டது. அவள் சமைத்து மேஜையில் வைப்பாள், அவன் முகர்ந்து பார்க்காமல் சாப்பிடுவான். அதைப் பார்த்துத்தான் விஷயம் முற்றிவிட்டது என்று எனக்குப் புரிந்தது.

வாரக் கடைசிக்கு முதல் நாள் அவன் என்னிடம் ஒரு யோசனையோடு வந்தான். கம்பெனியிலிருந்து புரோகிராமைச் சோதிக்க வருவதாக முதலாளியிடம் சொல்லிவிட்டானாம். மனைவியின் பின்னால் உட்கார்ந்து அவள் கையைப் பார்க்கப் போகிறான். நான் வாடிக்கையாளராக வர வேண்டும். என் கண்ணாடியில் கீறல் விழுந்து வெகுநாள் ஆயிற்று, டாக்டர் சீட்டும் கையில் இருந்தது.

"அவளைக் கையும் களவுமா பிடிக்கப் போறியா?" என்று கேட்டேன்.

"இல்லைன்னா இல்லைன்னு தெரிஞ்சிடும் இல்ல?" என்றான். கண்ணைக் கசக்கிக்கொண்டான். அப்போதுதான் அவனும் தூங்கவில்லை என்று கவனித்தேன்.

கடையில் கூட்டம் இல்லை. சுவர் முழுக்கக் கண்ணாடிகள், ஆள் இல்லாத கண்கள் எல்லாம் நம்மையே பார்ப்பது போல. நான் அவள் எதிரே உட்கார்ந்தேன். தம்பி அவள் தோளுக்குப் பின்னால் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தான். முதலாளி கல்லாவுக்கு அருகில் நின்றபடி எங்கள் மூன்று பேரையும் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தாள். நான் எதற்கு வந்திருக்கிறேன் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. எனக்கு அந்த இடத்திலேயே எழுந்து போய்விடலாம் போலிருந்தது.

"சீட்டைக் கொடுங்க அண்ணி."

ஒவ்வொரு எண்ணையும் வாய்விட்டுச் சொல்லிச் சொல்லி அடித்தாள். பெரிய ஜன்னலில் மேலே என் பெயர், அடியில் என் பவர். அடித்து முடித்து நிமிர்வதற்குள் போன் அடித்தது. யாரோ பழைய வாடிக்கையாளர், வெளியூரில் கண்ணாடியை உடைத்துவிட்டார், பவரைச் சொல்லுங்கள் என்கிறார். அவள் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு சின்னப் பெட்டியைத் திறந்தாள். அவர் பெயரைத் தேடி எடுத்து, பவரைப் படித்துச் சொன்னாள். பெட்டியை மூடினாள். ஒரு கையில் போன், மறு கையில் அவர் நம்பரைக் குறித்துக்கொள்ளப் பேனா.

"மாத்திட்டே!" என்று தம்பி கத்தினான். ஸ்டூல் பின்னால் சாய்ந்து விழுந்தது. "அக்கா பவர் மாறிப்போச்சு. இப்பதான், என் கண்ணு முன்னாலயே! சார், வந்து பாருங்க!"

முதலாளி வேகமாக வந்தார். என் பெயருக்கு அடியில் யாருடைய பவரோ உட்கார்ந்திருந்தது. அவர் அவளைப் பார்த்த பார்வையில் எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

அவள் போனை நிதானமாக வைத்தாள். திரும்பித் தம்பியைப் பார்த்தாள். இத்தனை நாளில் அவனிடம் பேசிய முதல் பேச்சு அதுதான்.

"என் கை எங்க இருந்துச்சு? நீங்கதானே பாத்துக்கிட்டிருந்தீங்க. சொல்லுங்க."

அவன் அவள் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அதற்காகவே வந்தவன்.

"கீபோர்டுல இல்ல" என்றான்.

"அப்புறம்?"

"பெட்டியை எப்படி மூடினே?"

"நீங்க சொல்லிக்கொடுத்த மாதிரிதான். சும்மா பாக்கறதுன்னா பெருக்கல் குறியை அமுக்கி மூடுன்னு சொன்னீங்க. நான் அதைத்தான் அமுக்கறேன். தினம் அதைத்தான் அமுக்கறேன்."

பக்கத்துக் கவுண்டர்ப் பெண் எட்டிப்பார்த்து, "நாங்க எல்லாம் 'வேண்டாம்'தானே அமுக்குவோம்?" என்றாள்.

தம்பி நின்றபடியே குனிந்து என் பவரைத் திரும்ப அடித்தான். பெட்டியைத் திறந்து, ஒரு பெயரைத் தொட்டு, 'வேண்டாம்' அமுக்கினான். என் பவர் அப்படியே இருந்தது. மறுபடி திறந்து, அதே பெயரைத் தொட்டு, பெருக்கல் குறியை அமுக்கினான். என் பவர் போய்விட்டது. இன்னொரு தடவை செய்தான். அவனாயிற்றே, அப்புறம் இன்னொரு தடவையும் செய்தான்.

பிறகு அவன் எனக்கு விளக்கிச் சொன்னது இதுதான். சின்னப் பெட்டி திரும்பி வந்ததும், 'என்ன பதிலோடு வந்தாய், சரியா வேண்டாமா?' என்று பெரிய ஜன்னல் முதலில் கேட்டிருக்க வேண்டும். அதை எழுதிய இவன் அந்தக் கேள்வியை வைக்கவே இல்லை. ஜன்னல் நேராகப் பெட்டிக்குள் கையை விட்டு, எது கிடந்ததோ அதை எடுத்துக்கொண்டது. புதுப் பெண் எழுதிய 'வேண்டாம்' மட்டும், போகும்முன் பெட்டியைத் துடைத்துக் காலி செய்துவிட்டுப் போயிருக்கிறது. பெருக்கல் குறியில் யாரும் எதையும் துடைக்கவில்லை. பதிலே சொல்லாமல் மூடினாலும் கடைசியாகத் தொட்ட பெயரின் பவர் பெரிய ஜன்னலில் போய் உட்கார்ந்துவிட்டது. திறந்து பார்ப்பது அடுத்தவர் பவரை, ஏறுவது எதிரே உட்கார்ந்திருப்பவர் ஆர்டரில். இந்த ஊரிலேயே பெருக்கல் குறியை மட்டும் அமுக்குகிற ஒரே ஆள் அவள், அவன் சொன்னதை நம்பிய ஒரே ஆள்.

"என்ன சார் கண்டுபிடிச்சீங்க?" என்று முதலாளி கேட்டார்.

என் தம்பி நெற்றியைத் துடைத்துக்கொண்டான். 'புரோகிராம்ல ஒரு சின்னக் கோளாறு' என்று பொதுவாகச் சொல்லிவிட்டு வந்திருக்கலாம். கம்பெனியில் ஆள் நிறைய, பழி யார் தலையிலாவது விழுந்திருக்கும். புதுப் பெண் ஒருத்தி இருக்கவே இருக்கிறாள். அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், எனக்கு அவன்மேல் அந்த நிமிஷம்வரை சந்தேகம்தான். அவளும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தப்பு பெட்டியில சார். அதை எழுதினது நான். இவங்க செய்தது எல்லாமே சரி. அப்படிச் செய்யச் சொன்னதும் நான்தான்."

அரை மார்க்கைத் திருப்பிக் கொடுத்த பையனை ரொம்ப நாள் கழித்துப் பார்த்தேன். என் கண் நிறைந்துவிட்டது. திரையில் இருந்தது என் பவரா, வேறு யாருடையதா என்று அதனால் எனக்குத் தெரியவில்லை.

முதலாளியின் குரலில் சர்க்கரை ஏறியது. "உங்க மேல எனக்கு எப்பவுமே சந்தேகம் இருந்ததில்லம்மா" என்றார்.

"இருந்துச்சு சார்" என்றாள் அவள். "பரவாயில்ல. உங்களுக்கு நான் யாரு?"

இதைச் சொல்லும்போது அவள் முதலாளியைப் பார்த்தாள், தம்பியைப் பார்க்கவில்லை. ஆனால் முகத்தில் அடி விழுந்த மாதிரி ஆனவன் தம்பிதான்.

அன்று சாயங்காலத்துக்குள் அலுவலகத்தில் உட்கார்ந்து பெட்டியைத் திருத்திவிட்டான். புதுப் பெண்ணிடம் போய், உன் பட்டன்தான் சரி என்று சொல்லிவிட்டும் வந்தானாம். அவள் இவன் ஏதோ உள்நோக்கத்தோடு சொல்கிறான் என்று பயந்துபோனாள். வீட்டுக்கு வந்தவன் நேரே படுக்கையறை வாசலில் நின்றான். மனைவி உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தாள். என் கதவும் அவர்கள் கதவும் திறந்திருந்தன. மெஷினை நிறுத்தினேன்.

"சரி பண்ணிட்டேன். இனிமே பெருக்கல் குறியை அமுக்கினா வெறுங்கையோடதான் போகும்."

"ம்."

"டிரைவரைப் போய்ப் பாத்து மன்னிப்புக் கேக்கணும். உன் தம்பிகிட்டயும்."

அவள் ஒரு சட்டையை மடித்து வைத்தாள். "அன்னைக்கு நீங்க கேட்டப்ப நான் எழுந்து போனேனே. அதை என்னன்னு எடுத்துக்கிட்டீங்க?"

பொய் சொல்லிவிடுவானோ என்று நான் இங்கே நூலை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

"ஆமான்னு எடுத்துக்கிட்டேன்" என்றான்.

அவள் மடித்த துணிகளை அலமாரியில் அடுக்கினாள். அப்புறம் வந்து அவன் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினாள். அறைந்து சாத்தவில்லை, மெதுவாகத்தான். தாழ்ப்பாள் விழுந்தது.

தம்பி அங்கேயே நின்றான். இப்போது என் வாசலுக்கு வந்து தீர்ப்பு வாசிப்பான் என்று காத்திருந்தேன். வரவில்லை. கடைசியில் என்னால் பொறுக்க முடியாமல் நானே போனேன்.

"என்னடா, என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லல அக்கா."

"அப்படீன்னா?"

"அப்படீன்னா ஒண்ணும் சொல்லல."

சொல்லிவிட்டு அந்தக் கதவோரமாகவே தரையில் உட்கார்ந்துகொண்டான். நான் வீட்டுக்கு வந்து ஒரு திரைச்சீலையின் ஓரம் முழுவதையும் மடித்துத் தைத்து முடித்தேன். அப்போதும் அவன் உட்கார்ந்தே இருந்தான். வெளிச்சம் மங்கிய பிறகு தாழ்ப்பாள் சத்தம் கேட்டது. கதவு கொஞ்சமாகத் திறந்தது.

"எனக்கு இன்னும் கோபம் போகல" என்றாள். "போனா நானே சொல்றேன்."

"சரி" என்றான் என் தம்பி. எப்போது போகும், எத்தனை நாள் ஆகும், போய்விட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது என்று ஒன்றும் துருவவில்லை.